சம்பளச் சீட்டு நின்றுவிடும் வாசற்படி

1888 ஜூலையில் கிழக்கு லண்டனில் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெண்களும் சிறுமிகளுமாக ஏறத்தாழ 1400 பேர் வேலையை நிறுத்தினார்கள். இந்தப் போராட்டத்தைப் பற்றி எழுதுபவர்கள் பாஸ்பரஸ் நஞ்சால் தாடையெலும்பு அழுகிப்போன கொடுமையைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெண்களை அன்றாடம் அரித்தது அபராதம். காலில் அழுக்கு இருந்தால் 3 பென்ஸ். தாமதமாக வந்தால் அரைநாள் வெளியே நிறுத்தி, 8 பென்ஸ் நாட்கூலியில் 5 பென்ஸ் பிடித்தம். போராட்டம் முடிந்தபோது நிர்வாகம் ஒப்புக்கொண்டவற்றுள் முக்கியமானது, அபராதங்களை ஒழிப்பது. இந்தக் கணக்கையெல்லாம் 'தி லிங்க்' என்ற ஏட்டில் எழுதி ஊரறியச் செய்தவர் அன்னி பெசன்ட். பின்னாளில் நம் அடையாறுக்கு வந்த அதே பெசன்ட்தான்.

பெண்களின் கூலியைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் தொகையைப் பேசுகிறோம். ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு என்று கேட்கிறோம். நான் இங்கே பேச விரும்புவது அந்தத் தொகையோடு வர வேண்டிய காகிதத்தைப் பற்றி. சம்பளச் சீட்டு என்றால் இன்று வங்கிக் கடனுக்கு இணைக்கும் தாள் என்றுதான் தோன்றும். அது பிறந்த காரணம் வேறு. கூலி கொடுப்பவர் மட்டுமே வைத்திருந்த கணக்கைக் கூலி வாங்குபவரும் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பிறந்தது அது. அந்த உரிமை யார் கைக்கு வந்தது, எந்த வாசலில் நின்றுவிட்டது என்பது பெண்களின் வரலாற்றோடு பிணைந்த கேள்வி.

இங்கிலாந்தின் நெசவாலைகளில் துண்டுவேலைக் கூலிதான் வழக்கம். லங்காஷயர் பருத்தி ஆலைகளின் நெசவாளர்களில் பெண்களே அதிகம். தான் நெய்த துணியின் நீளம் எவ்வளவு, எந்த அளவுக்கு என்ன விலை என்பது தெரியாமல் ஒருத்தி தன் கூலியைச் சரிபார்க்க முடியாது. அளவுகோலும் முதலாளியிடம், கணக்கும் முதலாளியிடம். 1891-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இதில் கைவைத்தது. வேலையைக் கொடுக்கும்போதே கூலியைக் கணக்கிடத் தேவையான விவரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றது. இந்த விதி பின்னர் வேறு பல தொழில்களுக்கும் விரிந்தது. 1893-இல் முதன்முதலாக மே ஏபிரகாம், மேரி பேட்டர்சன் என்ற இரு பெண்கள் தொழிற்சாலை ஆய்வாளர்களாக அமர்த்தப்பட்டார்கள். 1896-இல் வந்த சட்டம், அபராதம் விதிக்கும் ஒவ்வொரு முறையும் என்ன குற்றம், எவ்வளவு தொகை என்று எழுதித் தொழிலாளியிடம் கொடுக்கக் கட்டாயப்படுத்தியது.

காகிதம் வந்துவிட்டால் நியாயமும் வந்துவிடுமா? 1901-இல் ஒரு வழக்கு. சாப்பாட்டு வேளையில் தொழிற்சாலைக்குள் நடனமாடினார்கள் என்று இளம்பெண்களுக்கு அபராதம் போடப்பட்டது. ரோஸ் ஸ்குவயர் என்ற பெண் ஆய்வாளர் வழக்குத் தொடுத்தார். ஒழுங்காகவும் பண்பாகவும் நடந்துகொள்ள வேண்டும் என்ற பொதுவான விதியே அபராதத்துக்குப் போதும் என்று நீதிமன்றம் முதலாளியின் பக்கம் நின்றது. பெண்கள் தோற்றார்கள். ஆனாலும் காரணத்தை எழுத்தில் கேட்கும் சட்டம் ஒன்று இருந்ததால்தான் அந்த அபராதம் மேற்பார்வையாளரின் வாய்ச்சொல்லோடு முடியாமல் நீதிமன்றம் வரை போனது. அதனால்தான் நூறாண்டு கழித்து நாம் அதைப் படிக்கிறோம். வாய்மொழியாகப் பிடித்த காசுக்கு வரலாறு கிடையாது.

இதே காலத்தில், இதே பேரரசின் கீழ், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களின் வாழ்வை ஆண்டதும் ஒரு சீட்டுதான். அதன் பெயர் 'துண்டு'. மொழிபெயர்க்கப்படாமலே ஆங்கில அரசு ஆவணங்களுக்குள் நுழைந்த தமிழ்ச் சொற்களில் கங்காணியும் துண்டும் உண்டு. தமிழ் படித்தவள் என்ற முறையில் இந்தச் சொல் எனக்குப் பெருமை தரவில்லை. துண்டில் எழுதியிருந்தது கூலிக் கணக்கல்ல, கடன் கணக்கு. கங்காணிக்குத் தொழிலாளர்கள் பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆட்களை விடுவிப்போம் என்று ஒரு தோட்டத்தின் துரை எழுதித் தருவது அது. கடனைக் கட்டுகிற அடுத்த தோட்டத்துக்கு ஆட்கள் போவார்கள், கடனும் கூடவே போகும். லண்டன் பெண்ணுக்குத் தன் கணக்கைப் பார்க்கும் காகிதம் கிடைத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், மலையகப் பெண்ணைப் பற்றிய காகிதம் ஒரு துரையிடமிருந்து இன்னொரு துரைக்குப் போய்க்கொண்டிருந்தது. துண்டு முறை 1921-இல்தான் ஒழிக்கப்பட்டது.

அதன் பிறகு 1927-இல் இந்தியத் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி 1929-இல் வந்த கூலி விகிதத்தில் மலைநாட்டின் உயர்ந்த பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32. கொழுந்து கிள்ளுகிறவர்கள் பெண்கள். தேயிலைத் தொழில் நிற்பதே கொழுந்தின் மேல். பெண்ணின் வேலை ஆணின் வேலையைவிடக் குறைவானது என்பது முன்பு வழக்கமாக இருந்தது. இப்போது அதுவே அரசின் அட்டவணையாக ஆயிற்று. தோட்டங்களில் ஆண் பெண் கூலி சமமாவதற்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எழுத்து ஒரு அநீதியை நிலைநிறுத்தவும் செய்யும் என்பதை மறக்காமல் மேலே போவோம்.

சென்னையில் 1918-இல் பி.பி. வாடியா தலைமையில் மெட்ராஸ் லேபர் யூனியன் தோன்றியது. ராயல் லேபர் கமிஷன் 1931-இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. 1936-இல் இந்தியாவின் கூலி வழங்கல் சட்டம் பிறந்தது. எந்தெந்தக் காரணத்துக்குப் பிடித்தம் செய்யலாம் என்று அது பட்டியலிட்டது. அபராதம் ரூபாய்க்கு அரை அணாவைத் தாண்டக் கூடாது, 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அபராதமே கூடாது என்றது. கூலிக் கணக்கின் காகிதம் தொழிலாளியின் கைக்கு வர வழி செய்தது 1948-இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். அதன் கீழ் 1950-இல் வந்த மத்திய விதிகள், கூலி கொடுப்பதற்கு ஒரு நாளாவது முன்னதாகச் சம்பளச் சீட்டைக் கொடுக்க வேண்டும் என்றன.

இந்த 'ஒரு நாள் முன்னதாக' என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். கூலி நாளன்று வரிசையில் நிற்கும் பெண்ணுக்குப் பின்னால் நூறு பேர் நிற்பார்கள். கையில் காசு விழும் நேரத்தில் கணக்குக் கேட்க வாய் வராது. முந்தின நாளே சீட்டு வந்தால் படிக்கத் தெரிந்த மகளிடம் காட்டலாம். பக்கத்து வீட்டுக்காரியின் சீட்டோடு ஒப்பிடலாம். 'எனக்கு மட்டும் ஏன் இரண்டு நாள் குறைகிறது?' என்று கேட்பதற்கு ஓர் இரவு கிடைக்கிறது. அதே விதிகள் தந்த படிவத்தின் முதல் வரி, பணியாளரின் பெயரோடு தந்தை அல்லது கணவரின் பெயரையும் கேட்டது. கூலி அவளுடையது. ஆனால் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்று சொன்ன பிறகுதான் அந்தக் கூலி அவள் பெயரில் ஏறும்.

மற்ற நாடுகளிலும் இதே கதை வெவ்வேறு வேகத்தில் நடந்தது. பிரான்ஸ் 1931-லேயே சம்பளச் சீட்டைக் கட்டாயமாக்கியது. இன்று அந்நாட்டுச் சட்டத்தில் மூன்று விதிகள் எனக்குப் பிடித்தவை. சீட்டை மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டதாலேயே, வர வேண்டிய பாக்கியை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதைச் சீட்டில் குறிக்கக் கூடாது. இந்தச் சீட்டைக் கால வரம்பில்லாமல் பத்திரமாக வைத்திருங்கள் என்று சீட்டிலேயே அச்சிட வேண்டும். பிரிட்டனில் பிடித்தங்களைப் பிரித்துக் காட்டும் சீட்டு 1975-இன் சட்டத்தால் உரிமையானது. 2019 ஏப்ரல் முதல், நேரத்தைப் பொறுத்துச் சம்பளம் மாறும் வேலைகளில் எத்தனை மணி நேரம் என்பதையும் சீட்டு சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் 1 முதல் சீட்டு கட்டாயம். அமெரிக்காவில் 1938-இன் கூட்டரசுச் சட்டம் முதலாளி கணக்கு வைத்திருக்க வேண்டும் என்கிறது, தொழிலாளிக்குச் சீட்டுக் கொடுக்கச் சொல்லவில்லை. அதை மாநிலங்களே முடிவு செய்கின்றன. கலிஃபோர்னியாவின் சட்டம் சீட்டில் இருக்க வேண்டியவற்றை ஒன்று விடாமல் அடுக்குகிறது. ஃபுளோரிடா, ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் அப்படியொரு சட்டமே இல்லை.

இந்தச் சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு வாசற்படி தட்டுப்படுகிறது. சிங்கப்பூரில் சீட்டைக் கட்டாயமாக்கிய வேலைவாய்ப்புச் சட்டம் வீட்டுப் பணிப்பெண்களைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அங்கே போய்ச் சமைத்துத் துவைத்துப் பிள்ளை வளர்க்கும் பெண்களும் அந்த வெளியில்தான் நிற்கிறார்கள். அத்தனை நுணுக்கமான கலிஃபோர்னியச் சட்டம், குடியிருக்கும் வீட்டில் அந்த வீட்டைச் சேர்ந்த வேலைக்காகவோ குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்காகவோ அமர்த்தப்பட்டவர்களுக்குத் தான் பொருந்தாது என்கிறது. அமெரிக்காவின் 1938 சட்டத்தில் வீட்டு வேலை செய்பவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வரவே 1974 ஆயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். 2019-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின் 50-ஆம் பிரிவு, ஒவ்வொரு முதலாளியும் சம்பளச் சீட்டு வழங்க வேண்டும் என்கிறது. நல்ல வாக்கியம். முந்தைய சட்டங்களைப் போலத் தொழிலுக்குத் தொழில் வேறுபடாமல் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் வாக்கியம். ஆனால் அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு, விவசாயத்துக்கோ வீட்டுக் காரியத்துக்கோ ஐந்து பேருக்கு மேற்படாமல் வேலைக்கு வைத்திருப்பவர் அந்த அளவுக்குப் பதிவேடும் வைக்க வேண்டாம், அறிவிப்பும் ஒட்ட வேண்டாம், சீட்டும் தர வேண்டாம் என்று விலக்களிக்கிறது. வீட்டு வேலைக்கு ஐந்து பேருக்கு மேல் வைத்திருக்கும் வீடுகள் இந்தியாவில் எத்தனை? நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள், பாத்திரம் துலக்கிப் பெருக்கித் துடைக்கும் பெண்கள், முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இந்த ஓர் உட்பிரிவுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

இந்த விலக்குக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. கேட்கும்போது, கூலி கொடுத்ததற்கு நியாயமான சான்றை முதலாளி ஆய்வாளரிடம் காட்ட வேண்டும். சான்று தேவை என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. அதை ஆய்வாளரிடம் காட்டினால் போதும் என்கிறது. யாருடைய கூலியோ அவளிடம் காட்டச் சொல்லவில்லை. அவளைப் பற்றிய காகிதம் அவளைத் தாண்டி இன்னொருவர் கைக்குப் போகும் ஏற்பாட்டைத் துண்டின் கதையில் முன்பே பார்த்தோம்.

வீடு அலுவலகமா, குடும்பத்தலைவி கணக்காளரா என்று கேட்பவர்கள் உண்டு. இது கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பிரான்ஸ் பதில் வைத்திருக்கிறது. அங்கே வீட்டில் வேலைக்கு வைத்திருப்பவர், கொடுத்த கூலியையும் நேரத்தையும் அரசின் சமூகக் காப்பீட்டு நிர்வாகத்துக்குத் தெரிவித்தால் போதும். சீட்டை அந்த நிர்வாகமே தயாரித்துப் பணியாளருக்குத் தருகிறது. தென்னாப்பிரிக்கா 2002-இல் வீட்டுப் பணியாளர்களுக்கென்றே கொண்டுவந்த விதிகளில், கூலி கொடுக்கும் ஒவ்வொரு முறையும் எழுத்தில் விவரம் தர வேண்டும் என்றது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் வீட்டுப் பணியாளர்களுக்கான உடன்படிக்கையையும் பரிந்துரையையும் ஏற்றது. கொடுக்க வேண்டிய தொகை எவ்வளவு, பிடித்தது எவ்வளவு, எதற்காகப் பிடித்தது என்பதை எளிதில் புரியும்படி எழுதித் தர வேண்டும் என்கிறது அந்தப் பரிந்துரை. இந்தியா அந்த உடன்படிக்கையை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-இல் நல வாரியம் அமைந்தது. 2018-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கணக்கில் நிர்ணயிக்கப்பட்டது. போராடிப் பெற்றவை இவை. ஆனால் மணிக்கணக்கில் கூலி என்றால் எத்தனை மணி என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு வந்தவள் விருந்தினர் வந்ததால் பதினொன்று வரை நின்றாள் என்பதை யார் எழுதுவது? தினசரிக் காலண்டரில் வேலைக்காரி வராத நாளுக்கு வட்டம் போடுகிறோம். அவள் கூடுதலாக நின்ற நாளுக்குக் குறியீடு கிடையாது. அந்தக் காலண்டரும் அவள் வீட்டுச் சுவரில் தொங்குவதல்ல.

அதே 2019 தொகுப்பின் 59-ஆம் பிரிவு, கூலி கொடுபடவில்லை என்று கோரிக்கை வந்தால் கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்கிறது. பெண்களுக்கு உதவக்கூடிய பிரிவு இது. ஆனால் கோரிக்கை எழுதும் நிலைக்கு அவள் வர வேண்டுமே. எந்த மாதம், எத்தனை நாள், என்ன விகிதம், எதற்காகப் பிடித்தம் என்று சொல்ல அவளிடம் ஏதாவது இருக்க வேண்டும். உடைந்த தட்டுக்குப் பிடித்த காசும், ஊர்த் திருவிழாவுக்குப் போன மூன்று நாளுக்குக் குறைத்த காசும், முன்பணத்தில் கழித்ததாகச் சொன்ன காசும் எழுத்தில் இல்லாதவரை அவளுடைய சொல் ஒரு பக்கம், வீட்டுக்காரருடைய சொல் மறுபக்கம். இரண்டில் எது எடுபடும் என்று நமக்குத் தெரியும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது மிகச் சிறியது. நான்காம் உட்பிரிவின் விலக்கு நீக்கப்பட வேண்டும். அதுவரை, நலவாரியமோ தொழிற்சங்கமோ மகளிர் குழுவோ அச்சிட்டுத் தரக்கூடிய ஒரு சின்னப் புத்தகம் போதும். மாதம், வேலை செய்த நாட்கள், மணி நேரம், கூலி விகிதம், பிடித்தமும் அதன் காரணமும், கையில் கொடுத்த தொகை, இருவர் கையெழுத்து. இத்தனையும் அரைப்பக்கத்தில் அடங்கும். புத்தகம் அவளிடம் இருக்க வேண்டும். மேலட்டையில் அவள் பெயர் மட்டும் இருந்தால் போதும், யாருடைய மகள், யாருடைய மனைவி என்ற கட்டம் வேண்டாம்.