ரூஜ் ஆற்றங்கரையில் ஒரு வெட்டு



2005 கோடையில் அம்மாவை ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் கலக்கும் கரைக்குக் கூட்டிப்போனேன். காரைவிட்டு இறங்க மறுத்துவிட்டா. ஆழிப்பேரலையில் முல்லைத்தீவில் உறவுகளை இழந்தவ. "தம்பி, இந்தத் தண்ணிக்குக் கீழையும் நிலம் வெடிச்சிருக்கோ?" என்று கேட்டா. அதே கேள்வி எங்கள் அயலில் முன்னரே எழுந்திருந்ததைப் பிறகுதான் அறிந்தேன்.

ரூஜ் பள்ளத்தாக்கில், பனியுகத்தில் படிந்த மண்ணடுக்குகள் சில இடங்களில் வெட்டுண்டு விலகி நிற்கின்றன. இவை நிலநடுக்கத்தின் தடயங்களாகலாம் என்று மொஹாஜர், ஐல்ஸ் முதலிய புவியியலாளர்கள் 1992இல் எழுதினார்கள். கிழக்கே சில கிலோமீற்றரில், 1971இல் இயங்கத் தொடங்கிய பிக்கறிங் அணுமின் நிலையம் இருந்ததால் விவாதம் சூடுபிடித்தது.

கரையில் கண்ட வெட்டு ஏரிக்குள்ளும் தொடர்கிறதா? நீருக்கடியில் கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே விமானத்தில் காந்தமானியைக் கொண்டுசென்று பாறைகளின் காந்தத்தன்மையை அளந்தார்கள். நூறு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட அடிப்பாறையில் நீண்ட கோடுகள் தெரிந்தன. படகிலிருந்து ஒலியலை அனுப்பிப் பார்த்தபோது, ஏரியடிப் பாறை சில இடங்களில் மேலெழும்பி உடைந்திருந்தது. நிலநடுக்கமானிகள் சிறு அதிர்வுகளைப் பதிந்தன.

ஆனால் காந்தக்கோடு இருவேறு பாறைகள் சந்திக்கும் இடத்தைத்தான் காட்டும். அது இன்றும் அசைகிறது என்பதற்குச் சாட்சியல்ல. பனிப்பாறையின் பாரம் நீங்கினாலும் மேற்பாறை எழும்பி உடையும். ரூஜ் மண்ணைக் குலைத்தது பனிப்பாறையின் தள்ளலே என்று வேறு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். இளம் படிவுகளும் வெட்டுண்டு, அதிர்வுகளும் அதே கோட்டில் அமைந்தால்தான் உயிருள்ள நிலப்பிளவு என்று துணிந்து சொல்லலாம். இங்கே அது நிறுவப்படவில்லை.

சுமாத்திரா வேறு கதை. அங்கே ஒரு புவித்தட்டு மற்றொன்றின் கீழே நுழைகிறது. 2004 மார்கழி 26இல் சுமார் 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிளவு நழுவியது; அளவு 9.1. அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணிநேரம் எடுத்தது. அந்தப் பிளவை விஞ்ஞானம் முன்பே அறிந்திருந்தது. இந்துசமுத்திரத்தில் எச்சரிக்கை அமைப்புத்தான் இருக்கவில்லை.

இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப, ரெண்டு மணித்தியாலம் இருந்திருக்கு. ஒருத்தரும் சொல்லேல்லை" என்றா.