நாவல் பழம் ரெண்டே நாளில் பூஞ்சை பிடிக்குதா? பறிக்கும்போதே கவனிக்க வேண்டியவை!

ஆடி பிறந்தால் திருத்தணி மலைக்குக் காவடிகள் வரத் தொடங்கிவிடும். நாவல் பழ சீசனும் ஆனி, ஆடியை ஒட்டித்தான் வருகிறது. கே.ஜி.கண்டிகை மாதிரியான சுற்றுவட்டார ஊர்களில் கொல்லையிலோ, வயல் வரப்பிலோ ஒரு நாவல் மரம் நின்றால் போதும், அந்தச் சில வாரங்களுக்கு வீடே ஊதா நிறமாகிவிடும். ஆனால், காலையில் கூடை நிறைய பளபளவென்று இருந்த பழம், மறுநாள் சாயங்காலமே நசநசவென்று ஆகி, மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும். விற்பனைக்காகப் பறித்தவர்களுக்கு அது ஒருநாள் கூலியே போன மாதிரி.

``ஃப்ரிட்ஜ்ல வெச்சும் கெட்டுப்போச்சே" என்பவர்களும் உண்டு. பெரும்பாலும் பிரச்னை ஃப்ரிட்ஜில் இல்லை. பறித்த விதத்தில் இருக்கிறது.

சுட்ட பழமா, சுடாத பழமா?

முருகன் ஒளவையாரிடம் கேட்ட கேள்வி எல்லோருக்கும் தெரியும். உதிர்ந்த பழத்தில் மண் ஒட்டியிருக்க, ஒளவை அதை ஊதுகிறார். `பழம் சுடுகிறதா பாட்டி?' என்று சிரிக்கிறான் மரத்தின் மேலிருந்த சிறுவன். அந்தக் கதையில் பழத்தைப் பாதுகாக்கும் பாடமும் இருக்கிறது. நன்கு கனிந்து, கீழே விழுந்து, தோல் வெடித்துச் சாறு கசியும் பழத்தில்தான் மண் அப்படி ஒட்டும். தோல் கெட்டியாக இருக்கும் பழத்தில் மண் ஒட்டினாலும் தட்டினால் போய்விடும்.

பூஞ்சையின் வித்துகள் காற்றிலும் மண்ணிலும் எப்போதும் இருக்கின்றன. அவை பழத்துக்குள் போக ஒரு வழியும், வளரக் கொஞ்சம் ஈரமும் வேண்டும். வெடித்த தோல் இரண்டையும் கொடுத்துவிடுகிறது. அதனால், மண் ஒட்டிய பழத்தைச் சேமிக்க நினைக்காதீர்கள். நசுங்கி அழுகாமல் இருந்தால், நன்றாகக் கழுவி அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள்.

பறிக்கும்போது...

* நாவல் பழம் மரத்தில்தான் பழுக்கும். மாம்பழம் மாதிரி பறித்துவைத்துப் பழுக்கவைக்க முடியாது. கருஊதா நிறம் வந்ததை மட்டும் பறியுங்கள்.

* ஒரே கொத்தில் காய், செங்காய், பழம் மூன்றும் இருக்கும். எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பதே சரி.

* வெயில் ஏறுவதற்கு முன், பனி ஈரம் காய்ந்த பிறகு பறிக்கலாம். மழை பெய்த உடனே பறித்த பழம் சீக்கிரம் கெடும்.

* கிளையை உலுக்கினால் பழம் தரையில் விழுந்து வெடிக்கும். உலுக்கித்தான் ஆக வேண்டுமென்றால், நாலு பேர் வலையையோ, பழைய சேலையையோ தரையில் படாமல் இழுத்துப் பிடியுங்கள்.

* நாவல் கிளை சட்டென்று முறியக்கூடியது. பிள்ளைகளை மரமேற விடாதீர்கள். துரட்டியால் கொத்தை வளைத்துப் பறிப்பது நல்லது.

* ஆழமான கூடையில் குவித்தால் அடியில் உள்ள பழம் நசுங்கும். அகலமான தட்டுக்கூடையில் இரண்டு, மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும்...

முதலில் பழங்களைத் தரம் பிரியுங்கள். நசுங்கியது, வெடித்தது, காம்புப் பகுதி கிழிந்தது எல்லாம் தனி. நல்ல பழத்தை மட்டும் சேமிக்க வேண்டும். உடனே கழுவிவிடாதீர்கள், சாப்பிடும் முன் கழுவினால் போதும். முன்பே கழுவித்தான் ஆக வேண்டுமென்றால், துணியில் பரப்பி ஈரம் முழுக்க உலர்ந்த பிறகே எடுத்து வையுங்கள்.

வெளியில் வைத்தால் ஓரிரு நாள்தான் தாங்கும். அகலமான டப்பாவில் டிஷ்யூ பேப்பர் விரித்து, பழத்தை ஒரே அடுக்காகப் பரப்பி, மூடியை லேசாகத் திறந்தபடி ஃப்ரிட்ஜில் வைத்தால் சுமார் ஒரு வாரம் வரை இருக்கும். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்து, பூஞ்சைக்கு நாமே இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். உப்பு தூவிச் சாப்பிடும் பழக்கம் இருந்தால், தட்டில் போட்ட பிறகு தூவுங்கள். உப்பு பட்ட பழம் நீர்விட்டுவிடும், சேமிக்க முடியாது.

நிறைய இருக்கிறதா? கொட்டை நீக்கி, சதையைச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் வையுங்கள். ஜூஸுக்கு மாதக்கணக்கில் உதவும்.

திராட்சை, ஸ்ட்ராபெர்ரிக்கும் இதேதான்!

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையானாலும், மலையிலிருந்து வரும் ஸ்ட்ராபெர்ரியானாலும் விதி ஒன்றுதான். திராட்சையைக் கொத்தோடு வையுங்கள். உதிர்த்தால் காம்பு இருந்த இடம் காயமாகிவிடும். அதன் மேலுள்ள வெண்பூச்சு இயற்கையான மெழுகுதான், தேய்த்து எடுக்க வேண்டாம். ஸ்ட்ராபெர்ரியின் பச்சைக் காம்பை, சாப்பிடும்போது மட்டும் கிள்ளுங்கள்.

ஃப்ரிட்ஜை மட்டும் நம்ப முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. ரொட்டியில் வரும் ரைசோபஸ் வகைப் பூஞ்சை நல்ல குளிரில் அடங்கிவிடும். ஆனால், திராட்சை, ஸ்ட்ராபெர்ரியைத் தாக்கும் சாம்பல் பூஞ்சை அந்தக் குளிரிலும் மெதுவாக வளரும்.

பூஞ்சை வந்துவிட்டால்?

``அந்த இடத்தை மட்டும் கிள்ளிட்டுச் சாப்பிடலாமே" என்று தோன்றும். மென்மையான பழங்களில் அது வேண்டாம். மேலே தெரிவது கொஞ்சம்தான். கண்ணுக்குத் தெரியாத இழைகள் சதைக்குள் ஓடியிருக்கும். சில பூஞ்சைகள் நச்சையும் உண்டாக்கும். முகர்ந்து பார்க்காமல் அந்தப் பழத்தையும், அதை ஒட்டியிருந்த பழங்களையும் அப்புறப்படுத்துங்கள். டப்பாவைக் கழுவி, காயவைத்து, மீதிப் பழத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். அவற்றைச் சீக்கிரம் சாப்பிட்டுவிடுங்கள்.

தினமும் ஒருமுறை டப்பாவைத் திறந்து, கசியும் பழத்தை மட்டும் எடுத்துவிட்டாலே மீதிப் பழங்கள் தப்பித்துவிடும்!