பட்டியலின் கடைசி வரி

போன மாதம் பேரன் விடுமுறைக்கு ஸ்ரீரங்கம் வந்திருந்தான். திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளை நீட்டினான்.

"தாத்தா, நானே ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போறேன். தாத்தாகிட்ட காட்டிட்டு வாங்குன்னு அப்பா சொன்னார்."

பிராசஸர், மதர்போர்டு, மெமரி, எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு, கலர் கலராக விளக்கு எரியும் கேபினட் என்று எல்லாவற்றுக்கும் கம்பெனிப் பெயரும் விலையும் எழுதியிருந்தான். கடைசி வரியில் பவர் சப்ளை. அதற்கு எதிரே "ஏதாவது ஒன்று" என்று போட்டிருந்தான். அந்த வரி என்னை 1999ஆம் வருஷத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

பாகங்களை வாங்கி வீட்டில் கோப்பது நம்மூருக்குப் புதிதில்லை. திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது. அறுபதுகளில் எங்கள் தெருவில் பெரிய பையன்கள் கிரிஸ்டல் ரேடியோ செய்வார்கள். அட்டைக் குழாயில் சுற்றிய செப்புக் கம்பி, ஒரு டயோடு, ஒரு கண்டென்சர், ஒரு ஹெட்போன், மொட்டைமாடியில் நீளமாக ஓர் ஏரியல். அவ்வளவுதான். நிலையம் பக்கத்திலேயே இருந்ததால் நன்றாகக் கேட்கும். அதற்கு பேட்டரிகூட வேண்டாம், காற்றில் வரும் அலையின் சக்தியே போதும்.

கம்ப்யூட்டரை அப்படிக் கோக்க முடியும் என்று ஆனதற்குக் காரணம் ஐபிஎம். 1981 ஆகஸ்டில் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, சீக்கிரம் சந்தைக்கு வர வேண்டும் என்பதற்காக முக்கியமான பாகங்களை வெளியில் வாங்கியது. பிராசஸர் இன்டெல்லுடையது, இயக்கும் மென்பொருள் மைக்ரோசாஃப்டுடையது. சர்க்யூட் படங்களையும் புத்தகமாகப் போட்டது. மற்றவர்கள் அதைப் பார்த்து, அதற்குப் பொருந்தும் பாகங்களைச் செய்ய ஆரம்பித்தார்கள். 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவுமுறைக்குப் பிறகு, திருகு போடும் துளை முதல் மின் இணைப்பு வரை எல்லாம் ஒரே கணக்குக்கு வந்தன. யாருடைய போர்டும் யாருடைய பெட்டியிலும் உட்காரும்.

நம் நாட்டில் அது வீட்டுக்கு வர நாளாயிற்று. ஐபிஎம்மே 1978இல் இந்தியாவை விட்டுப் போயிருந்தது. 1984 நவம்பரில் வந்த கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதியைச் சற்றுத் தளர்த்தியது. 1991க்குப் பிறகு சுங்க வரி படிப்படியாக இறங்கியது. கம்பெனி கம்ப்யூட்டர் மத்தியதர வீட்டுக்கு எட்டாத விலை. சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கிக் கோத்தால் ஆயிரக்கணக்கில் மிச்சம். "அசெம்பிள்டு" என்ற சொல் நம் வீடுகளுக்குள் வந்தது அப்போதுதான்.

1999இல் என் மகன் இன்ஜினியரிங் கடைசி வருஷம். நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் மின்சாரப் பிரிவில் இருந்தேன். தீபாவளிக்குக் கம்ப்யூட்டர் என்று முடிவாயிற்று. என்னால் முடிந்தது 40,000 ரூபாய். அவன் பட்டியல் போட்டு முடிப்பதற்குள் செப்டம்பர் 21ஆம் தேதி தைவானில் பெரிய பூகம்பம். அங்கே சிப் தொழிற்சாலைகள் நின்றுபோக, உலகம் முழுக்க மெமரி விலை ஏறியது. எங்கோ பூமி ஆட, ஸ்ரீரங்கத்தில் எங்கள் கணக்கு இடித்தது.

எதையாவது குறைக்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டை எடுத்துவிடு என்றேன். அவன் முகம் வாடிப்போயிற்று. "ப்ராஜெக்ட் முடிச்சுட்டு கேம் விளையாடத்தான்ப்பா இவ்வளவு நாளா காத்திருக்கேன்" என்றான். சரி, கார்டு இருக்கட்டும் என்று விட்டேன். அதற்குப் பதில் யுபிஎஸ்ஸையும் நல்ல பவர் சப்ளையையும் அடித்தேன். கேபினட்டோடு சேர்ந்து வந்ததே போதும் என்றேன். கையில் எடுத்தால் தக்கையாக இருந்தது. மேலே 250 வாட்ஸ் என்று ஸ்டிக்கர். பணிமனையில் நேம் பிளேட்டை மட்டும் நம்பி எந்த மோட்டாரையும் நான் ஓட்டியதில்லை. வீட்டில் அந்த ஸ்டிக்கரை நம்பினேன்.

பவர் சப்ளையின் வேலை, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட் டிசியாக மாற்றிக் கொடுப்பது. நல்ல பவர் சப்ளை பழுதானால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். மட்டமானது போகும்போது மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகலாம். 2000 ஏப்ரலில் ஒரு ராத்திரி, இடி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு கருகல் வாடை. மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து போயின. ஹார்ட் டிஸ்க்கில் அவனுடைய ப்ராஜெக்ட். ஃபிளாப்பியில் இருந்தது பாதிதான்.

என் மேல் கோபப்பட்டிருந்தால் தேவலை. அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று வாரம் கல்லூரி லேபில் ராத்திரி வரை உட்கார்ந்து திரும்பச் செய்து முடித்தான். நல்ல மார்க்கும் வாங்கினான். ஆனால் அதற்கப்புறம் என்னிடம் எதையும் வாங்கித் தரச் சொல்லிக் கேட்கவே இல்லை. "தப்பு என்னுதுடா" என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

பேரனோடு உட்கார்ந்து பட்டியலை மறுபடி போட்டோம். முதலில் மானிட்டர்: அதன் ரெசல்யூஷனை வைத்துத்தான் எவ்வளவு பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்று தெரியும். பிறகு கார்டுக்கு ஈடுகொடுக்கும் பிராசஸர், பிராசஸரின் சாக்கெட்டுக்குப் பொருந்தும் மதர்போர்டு. பிறகு வாட்ஸ் கணக்கு. அவன் எழுதிய கார்டுக்கு 160, பிராசஸருக்கு 90, மற்றதற்கு 60, ஆக 310. சித்திரை வெயிலில் மூச்சுத் திணறாமல் ஓட 550 வாட்ஸ், 80 பிளஸ் சான்றிதழ் உள்ளதாக எழுதச் சொன்னேன். விளக்கு கேபினட்டை விட்டுக்கொடுத்தான், அந்தப் பணம் இதற்குச் சரியாகப் போயிற்று. வீட்டு பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கவும் சொன்னேன்.

அன்று ராத்திரி மகன் போன் பண்ணினான். கார்டு என்ன, பிராசஸர் என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை.

"பவர் சப்ளை என்னப்பா போட்டிருக்கான்?"

சொன்னேன். இருபத்தைந்து வருஷமாகச் சொல்லாத இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதனாலதான்ப்பா உங்ககிட்ட காட்டச் சொன்னேன்" என்றான்.