கால் அங்குலத்துல தப்பிப்போன போர்வை

எங்க ஊர்னு சொன்னாலே எல்லாரும் மாட்டைப் பத்தித்தான் கேட்பாங்க. இன்னைக்கு மாடு இல்லை, ஒரு போர்வை. அதுல நான் போட்ட தப்புக் கணக்கு. அந்தத் தப்பை யோசிக்கப் போய், அளவுங்கிறதோட பழைய கதை கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டேன். ரெண்டையும் சேர்த்தே எழுதுறேன்.

எங்க ஆத்தா போன பிறகு அவுக பெட்டியில ரெண்டு சுங்குடிச் சேலை இருந்துச்சு. கட்டிக் கட்டி நைஞ்சு போனது. சென்னையில இருக்கிற எங்க பாப்பா, "அப்பா, அப்பத்தா சேலையில எனக்கு ஒரு போர்வை தைச்சுக் குடுங்க"ன்னு போன்ல கேட்டுச்சு. ஏழரை அடி நீளம், அஞ்சு அடி அகலம். வீட்டுக்காரம்மா தையல் மிஷின் மிதிப்பாங்க. வெட்டுற கணக்கை நான் போடுறேன்னு நானே முன்னால போய் நின்னேன். பத்தாங்கிளாஸ்ல கணக்குல நல்ல மார்க்கு வாங்கினவன்ல!

90 அங்குலத்துக்கு 60 அங்குலம். ஆறுக்கு ஆறு சதுரமா வெட்டுனா நீளத்துக்கு 15, அகலத்துக்கு 10, மொத்தம் 150 துண்டு. கிழிசல், நைஞ்ச இடம் எல்லாம் ஒதுக்கிட்டுப் பார்த்தா ரெண்டு சேலையிலயும் சரியா 150 துண்டுதான் தேறுச்சு. ஆத்தாவே எண்ணி வச்ச மாதிரி இருக்குன்னு சந்தோஷப்பட்டேன். எல்லாத்தையும் வெட்டிட்டேன்.

தைச்சு முடிச்சு விரிச்சா, நீளம் ஏழரை அங்குலம் குறையுது, அகலம் அஞ்சு அங்குலம் குறையுது. வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தாங்க. "என்னங்க, தையலுக்குப் பிடிக்கிற துணியக் கணக்குல சேர்த்தீங்களா?" சேர்க்கலை. ஒவ்வொரு துண்டுலயும் ரெண்டு பக்கமும் கால் கால் அங்குலம் மடிப்புக்குள்ள போயிருது. ஆறு அங்குலத் துண்டு தைச்ச பிறகு அஞ்சரைதான். பதினஞ்சு அரை, ஏழரை. பத்து அரை, அஞ்சு. மிச்சம் வைக்க ஆத்தா சேலையும் இல்லை, புதுசா வாங்க ஆத்தாவும் இல்லை. அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கலை.

ஆத்தா உசுரோட இருந்தப்ப வருசத்துக்கு ஒரு போர்வை தைப்பாங்க. மார்கழிப் பனிக்கு, பிள்ளை பெத்தவளுக்கு, காட்டுக்குக் காவலுக்குப் போறவுகளுக்குன்னு. ஒரு நாள்கூட டேப் எடுத்து நான் பார்த்ததில்லை. பழைய சேலையை நாலா மடிச்சுத் திண்ணையில விரிப்பாங்க. கிழிஞ்ச இடத்து மேல இன்னொரு துணியை வச்சு, சுத்தி ஓட்டுத் தையல் போட்டுக்கிட்டே போவாங்க. "எத்தனை அங்குலம் ஆத்தா?"ன்னு கேட்டா, "துணிக்குத் துணிதான்யா அளவு"ன்னு சொல்லுவாங்க. கிழிசலை விடப் பெருசா ஒட்டுத்துணி இருக்கணும், அவ்வளவுதான் கணக்கு. கூடினா உள்ள மடிச்சுக்குவாங்க. குறைஞ்சா பக்கத்துல இன்னொண்ணு வைப்பாங்க. அவுக தையல்ல தப்புன்னு ஒண்ணு இருந்ததா எனக்கு ஞாபகமே இல்லை.

அளவு மட்டும் அவுகளுக்குத் தெரியாம இல்லை. உடம்புலயே இருந்துச்சு. விரல், சாண், முழம். பன்னிரண்டு விரல் ஒரு சாண், ரெண்டு சாண் ஒரு முழம். மதுரையில இன்னைக்கும் மல்லிகைப் பூ விக்கிற அக்கா முழங்கையிலதான் அளந்து குடுக்குது. வாங்குறவுக கை நீளம்னா, "என் கையால அளந்து குடு"ன்னு சண்டை வரும். பூவுக்கு அந்தச் சண்டை சிரிப்போட முடிஞ்சிரும். நிலத்துக்கு முடியாது. அதனாலதான் சோழர் காலத்துலயே நிலம் அளக்கக் கோல் வச்சாங்க. பன்னிரண்டு சாண் கோல், பதினாறு சாண் கோல்னு கல்வெட்டுகள்ல பேர் வருது. பல கோயில் சுவர்ல அந்தக் கோலோட நீளத்தைக் கோடாவே வெட்டி வச்சிருக்காங்க. யார் சாண் பெருசுன்னு பேச்சே வேண்டாம், கல்லுல இருக்கு, போய்ப் பார்த்துக்கன்னு அர்த்தம்.

பிறகு வெள்ளைக்காரன் கூட அங்குலம், அடி, கஜம் வந்துச்சு. நம்மாளு அதையும் முழத்துக்குள்ள கொண்டாந்துட்டான். சாண் ஒன்பது அங்குலம், முழம் 18, கஜம் 36. அதனால எட்டு முழ வேட்டின்னா நாலு கஜம், ஆறு கஜச் சேலைன்னா பன்னிரண்டு முழம். கணக்கு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு. சிக்கல் மீட்டர்ல வந்துச்சு. 1956ல எடை, அளவுக்குச் சட்டம் போட்டாங்க. 1958 அக்டோபர்ல இருந்து படிப்படியா கிலோவும் மீட்டரும் நடைமுறைக்கு வந்துச்சு. ஒரு மீட்டர்ங்கிறது 39.37 அங்குலம். அதுல முழமும் முழுசா அடங்காது, கஜமும் அடங்காது. ஆறு கஜம் 5.49 மீட்டர். எட்டு முழம் 3.66 மீட்டர். இப்போ கடையில பல வேட்டியில 3.60 மீட்டர்னு போட்டிருக்கும், பேர் மட்டும் எட்டு முழம்தான். ஆறு கஜச் சேலையை ஆறு மீட்டர்னு நினைச்சுக் கணக்குப் போட்டா அரை மீட்டர் துணி காத்துல போயிரும். ஒரு அளவுல இருந்து இன்னொரு அளவுக்கு மாறுற இடத்துலதான் முக்காவாசித் தப்பு நடக்குது.

இன்னொரு தப்பு, என்னோடது. சின்னப் பிசகு கூடிக் கூடிப் பெருசாகுறது. கொத்தனாரும் தையல்காரரும் அங்குலத்தை எட்டா பிரிச்சு நூல்னு சொல்லுவாங்க. ஒரு துண்டுல ஒரு நூல் பிசகினா கண்ணுக்கே தெரியாது. பதினஞ்சு துண்டு வரிசையா வந்தா கிட்டத்தட்ட ரெண்டு அங்குலம்.

இதுக்கு எல்லாரையும் விட அதிகமா பயந்தவர் லாம்டன்னு ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி. 1802ல சென்னை பரங்கிமலைப் பக்கத்துல இருந்து நம்ம நாட்டையே அளக்க ஆரம்பிச்சவர். ஏழரை மைல் நீளத்துக்கு முதல் கோடு. நூறு அடி இரும்புச் சங்கிலி. வெயில்ல இரும்பு நீளும்னு சங்கிலியை மரப்பெட்டியில கிடத்தி, சூடு பார்த்து, அதுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டார். அந்த ஒரு கோட்டை வச்சு முக்கோணம் முக்கோணமா நாடு முழுக்கப் போகலாம். ஆனா அவர் அப்படியே விட்டுரலை. தூரம் போனதும் பெங்களூர்ல இன்னொரு கோட்டைச் சங்கிலி போட்டே அளந்து, கணக்குல வந்த நீளத்தோட ஒத்துப் பார்த்தார். சில அங்குல வித்தியாசம்தான். 1808ல தஞ்சாவூர்ப் பெரிய கோயில் மேல அவரோட அரை டன் கோணமானியை ஏத்துறப்ப கயிறு அறுந்து, கருவி மோதி வளைஞ்சு போச்சு. அவர் தூக்கிப் போடலை. ஆறு வாரம் உட்கார்ந்து தட்டித் தட்டி நிமிர்த்தினார். நான் முதல் வரிசை தைச்சு முடிச்சதும் ஒரு தடவை டேப்பை வச்சுப் பார்த்திருந்தா போதும். மிச்சத் துண்டை வேற மாதிரி யோசிச்சிருக்கலாம்.

அளக்காமலே தப்பிக்கிற வழியும் உலகத்துல இருக்கு. கர்நாடகாவுல உத்தர கன்னட மாவட்டத்துல சித்திகள்னு ஒரு மக்கள். முன்னோர்கள் ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டுவரப்பட்டவங்க. அந்தப் பெண்கள் பழந்துணியில தைக்கிற போர்வைக்குக் கவாந்தின்னு பேரு. ஒரு மூலையில ஆரம்பிச்சு, ஓரமாவே சுத்தி வந்து, வட்டம் வட்டமா நடுவை நோக்கிப் போவாங்க. போர்வையோட அளவு முதல்லயே ஓரத்துல முடிவாயிருது. பிறகு உள்ள வைக்கிற துண்டு பெருசானா மடிப்பு, சின்னதானா இன்னொரு துண்டு. கடைசியா நாலு மூலையிலயும் பூலான்னு முக்கோணத் துணி வைப்பாங்க. பூன்னு அர்த்தம். அது இல்லாட்டி போர்வை முடியலைன்னு கணக்கு.

அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல கீஸ் பெண்ட்னு ஒரு ஊர். பருத்திக் காட்டுல அடிமையா வேலை பார்த்தவங்களோட வம்சம். உழைச்சு நைஞ்ச பேண்ட், சட்டையைக் கிழிச்சுப் பட்டை பட்டையா தைச்சாங்க. கோடு நேரா போகாது, கட்டம் ஒத்து வராது. குளிருக்குத் தைச்ச அந்தப் போர்வைகளை 2002ல ஹூஸ்டன் அருங்காட்சியகத்துல மாட்டி வச்சாங்க. 2006ல அமெரிக்க அரசு தபால் தலையே போட்டுச்சு. அந்தக் கோணல்தான் அழகுன்னு உலகம் பார்த்துச்சு.

இதெல்லாம் படிச்ச பிறகு எனக்குப் புத்தி வந்துச்சு. ஆத்தாவும் சித்திப் பெண்களும் துணியை வச்சு முடிவெடுத்தாங்க. நான் பேப்பர்ல முடிவெடுத்துட்டுத் துணிகிட்ட வந்தேன். இனி துணிகிட்டயே கேட்போம்னு போர்வையைத் திண்ணையில விரிச்சோம். வீட்டுக்காரம்மா போய் எங்க அய்யாவோட எட்டு முழ வேட்டியை எடுத்துட்டு வந்தாங்க. "சுத்திக் கரை வச்சிரலாங்க."

மேலயும் கீழயும் மூணே முக்கால் அங்குலம், ரெண்டு பக்கமும் ரெண்டரை. இந்தத் தடவை தையலுக்கு அரை அங்குலம் சேர்த்து நாலே காலும் மூணுமா வெட்டினேன். வெட்டுறதுக்கு முன்னாடி போர்வை மேலயே வேட்டியைப் போட்டுப் பார்த்தேன். ரெண்டு தடவை.

தைக்கப் போறவுகளுக்கு நான் சொல்றது இதுதான். ஒரே டேப்பை வச்சு ஆரம்பத்துல இருந்து கடைசி வரை அளங்க. தையலுக்குத் துணி விடுங்க. ஒரு வரிசை முடிஞ்சதும் அளந்து பார்த்துட்டு அடுத்ததுக்குப் போங்க. பழைய துணின்னா எல்லாத்தையும் ஒரே நாள்ல வெட்டிராதீங்க, அதைத் திரும்ப வாங்க முடியாது. இவ்வளவும் செஞ்சும் குறைஞ்சா, கரை வைங்க.

போர்வை சென்னைக்குப் போயிருச்சு. பாப்பா போன்ல, "கரை ரொம்ப நல்லா இருக்குப்பா, வேணும்னே வச்சீங்களா?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னு சொல்ல வாய் வந்துச்சு. பிறகு நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. "அப்போ இதுல தாத்தாவும் இருக்காரா?"ன்னு கேட்டுச்சு. நான் ஏழரை அங்குலம் தப்பா வெட்டாம இருந்திருந்தா, அய்யா வேட்டி இன்னும் பெட்டிக்குள்ளதான் கிடந்திருக்கும்.