இலங்கையிற் சூதாட்டச் சட்டங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

சூதாட்டம் பற்றிய சிந்தனை இரு மரபுகளாக வளர்ந்து வந்துள்ளது. ஒன்று அதனைத் தீமையென விலக்கிய அறமரபு. மற்றையது அதனை ஓரிடத்தில் அடக்கி வருவாய் பெற முனைந்த அரசமரபு. திருவள்ளுவர் சூதுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். அவ்வதிகாரத்தை அவர் அறத்துப்பாலில் வையாது பொருட்பாலில் அமைத்தமை நோக்கற்பாலது. சூது தனிமனிதனின் ஒழுக்கக் குறைபாடு மட்டுமன்று, பொருளையும் குடியையும் அழிக்கும் சமுதாயக் கேடு என்பது அவ்வமைப்பினாற் பெறப்படும். திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்து 219ஆம் வசனம், மதுவிலும் சூதிலும் மனிதருக்குச் சில பயன்கள் உண்டென்பதை மறுக்கவில்லை. அவற்றின் தீங்கு அப்பயனினும் பெரிதென்றே கூறுகின்றது. ஐந்தாம் அத்தியாயத்து 90ஆம், 91ஆம் வசனங்கள் சூதினை முற்றாக விலக்குகின்றன.

அரசமரபினைக் கௌடிலியரின் அர்த்தசாத்திரத்திற் காணலாம். சூதினைக் கண்காணிக்கத் தனி அதிகாரியை நியமித்தல், குறித்த ஓரிடத்தில் மட்டும் ஆட அனுமதித்தல், வென்ற பொருளில் நூற்றுக்கு ஐந்து வீதம் அரசுக்குப் பெறுதல் ஆகியன அந்நூல் கூறும் வழிகள். இடத்தை வரையறுத்தலும் இறையைப் பெறுதலும் என்னும் இவ்விரு கூறுகளே பிற்காலச் சூதாட்டச் சட்டங்களுக்கும் அடிப்படையாயின. இலங்கையில் அச்சட்டங்கள் வளர்ந்தவாற்றையும், இணையவழிச் சூதாட்டம் அவற்றின் அடிப்படையைத் தகர்த்தவாற்றையும், அக்கரைப்பற்றுப் போன்ற ஊர்களுக்கு அதனால் எழுந்துள்ள சிக்கலையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடியேற்ற ஆட்சியும் சூதும்

பிரித்தானியர் ஆட்சியிற் பிறந்த 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் இத்துறையில் அடிப்படைச் சட்டமாகும். பாதை, தெரு, பொதுமக்கள் புகத்தக்க இடம் ஆகியவற்றிற் பணம் வைத்து ஆடுதலையும், சூதாடுவதற்கென இடம் வைத்திருத்தலையும் அது குற்றமாக்கியது. சேவற்போரையும் அது தடுத்தது. ஆடுபவன் எவ்வளவு இழந்தான், அவன் குடும்பம் என்னவாயிற்று என்பன அச்சட்டத்தின் வினாக்களல்ல. எங்கே ஆடினான் என்பதே அதன் தலையாய வினா. பொது ஒழுங்கைக் காப்பதே குடியேற்ற அரசின் குறிக்கோளாக இருந்தமையால் இதில் வியப்பில்லை. அவ்வரசு சாராயக் குத்தகையினாற் பெருவருவாய் பெற்றுவந்தது என்பதும் ஈண்டு மறக்கற்பாலதன்று.

தெருவோரத்துச் சூது குற்றமான அக்காலத்திலேயே செல்வரின் பந்தயம் மதிப்புப் பெற்று விளங்கியது. காலிமுகத்திடலில் நடைபெற்றுவந்த குதிரைப் பந்தயம் 1893இற் கறுவாத்தோட்டத்துப் புதிய திடலுக்கு மாறியது. 1930ஆம் ஆண்டிற் குதிரைப் பந்தயத்தின்மீது கட்டப்படும் பணத்தை ஒழுங்குபடுத்தத் தனிக் கட்டளைச் சட்டம் ஆக்கப்பட்டது. சேவலின்மீது கட்டிய காசு குற்றமாயிற்று. குதிரையின்மீது கட்டிய காசு ஒழுங்குபடுத்தப்பட்டது. ஏழையின் ஆட்டத்தைத் தண்டித்தலும் செல்வனின் ஆட்டத்தை முறைப்படுத்தலும் என்னும் இவ்வேறுபாடு பின்வந்த சட்டங்களிலும் தொடர்ந்தது.

வருவாய் நோக்கின் வளர்ச்சி

சுதந்திர இலங்கையில் அரசு சூதின் காவலன் என்னும் நிலையிலிருந்து படிப்படியாக அதன் பங்காளி என்னும் நிலைக்கு நகர்ந்தது. 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் கீழ்த் தேசிய லொத்தர் சபை அமைந்தது. 1997ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அபிவிருத்தி லொத்தர் சபைக்குச் சட்டவடிவம் தந்தது. இவற்றுக்கிடையே, 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம் உருவாயிற்று. லலித் அத்துலத்முதலி தொடக்கிவைத்த இந்நிதியம் வறிய மாணவர் பல்லாயிரவரைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்து சேர்த்தது. அதன் வருவாயில் ஒரு பெரும் பகுதி லொத்தர் இலாபத்திலிருந்து வந்தது.

இது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய செய்தியன்று. அக்கரைப்பற்றுக்கு வடக்கே, அட்டாளைச்சேனைக்கு அப்பால், ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1996இல் முழுப் பல்கலைக்கழகமாயிற்று. அப்பகுதியின் வேளாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் தம் குடும்பத்தின் முதற் பட்டதாரிகளாக அங்கிருந்து வெளியேறினர். சூதினை விலக்கிய சமயத்தவராயினும், சூதின் சாயலுடைய ஒரு வருவாயினின்றே தம் பிள்ளைகளின் கல்விக்கு உதவி வருவதை அக்குடும்பங்கள் எதிர்கொள்ள நேர்ந்தது. சிலர் அதனை அரசு தரும் உதவியென ஏற்றனர். சிலர் உளத்தயக்கத்துடன் ஏற்றனர். நல்ல பணியொன்று தீய வருவாயிலே தங்கிவிடும்போது அவ்வருவாயைக் குறைக்க எவரும் முன்வாரார் என்பதே இதிற் காணத்தக்க பெருஞ் சிக்கலாகும்.

1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கப் பந்தய, சூதாட்ட அறவீட்டுச் சட்டம் இம்முரண்பாட்டை மேலும் வெளிப்படையாக்கியது. பந்தயம் பிடிப்போரிடமும் சூதாட்ட விடுதி நடத்துவோரிடமும் அரசு அறவீடு பெறலாயிற்று. ஆயினும் 1889ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் நீக்கப்படவில்லை. ஒரு சட்டம் குற்றம் எனக் கூறியதன்மீது மற்றொரு சட்டம் வரி பெற்றது. சூதாட்ட விடுதிகளை ஒழுங்குபடுத்த 2010ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. குறித்துரைக்கப்பட்ட பிரதேசங்களில் மட்டும் அவை இயங்கவேண்டும் என்பது அதன் கருத்து. ஆனால் உரிமம் வழங்குதற்கான ஒழுங்குவிதிகள் 2022ஆம் ஆண்டிலேயே வர்த்தமானியில் வெளிவந்தன. நாடு கடனை மீளச் செலுத்த இயலாது தத்தளித்த ஆண்டும் அதுவே. பன்னிரண்டு ஆண்டுகள் உறங்கிய சட்டத்தை விழிக்கச் செய்தது சமுதாயக் கவலையன்று, திறைசேரியின் தேவையே எனக் கருத இடமுண்டு.

இடமற்ற சூது

இலங்கைச் சட்டங்கள் இவ்வாறு இடத்தையும் இறையையும் சுற்றி வளர்ந்துகொண்டிருக்க, உலகிற் சூதின் இயல்பே மாறியது. 1994ஆம் ஆண்டிற் கரீபியன் தீவு நாடாகிய அன்ரிகுவா பார்புடா ஆக்கிய சட்டமொன்று இணையவழிச் சூதாட்ட நிறுவனங்கள் அங்கு உரிமம் பெற வழிவகுத்தது. நிறுவனம் ஒரு தீவிலும், கணினி மற்றொரு நாட்டிலும், ஆடுபவன் வேறொரு கண்டத்திலும் இருக்கும் நிலை தோன்றியது. கைத்தொலைபேசி பரவியபின் சூதாடும் இடம் என ஒன்று இல்லாதொழிந்தது. பாயிற் படுத்தவாறே ஒருவன் பந்தயம் கட்டலாம். அருகிற் படுத்திருப்பவளும் அதனை அறியாள்.

இம்மாற்றம் அரசின் சட்டத்தை மட்டுமன்று, ஊரின் கட்டுப்பாட்டையும் ஒருங்கே தாக்கியது. அக்கரைப்பற்றுச் சமுதாயத்தை நீண்டகாலம் ஆய்ந்து 2008இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, அங்கு முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும் தாய்வழிக் குடிமுறை நிலவுவதை விரிவாக எடுத்துக்காட்டினார். குடிகளின் சார்பில் மரைக்காயர் பள்ளிவாசல் நிருவாகத்திற் பங்குகொள்ளும் வழக்கும் அவற்றுள் அடங்கும். இத்தகைய ஊரில் ஒருவன் எங்கே அமர்ந்தான், எவரோடு கூடினான் என்பது நெடுநாள் மறைவதில்லை. பெரியோர் அழைத்துக் கண்டிப்பர், மாமன் வீட்டார் கேட்பர், மஹல்லா அறியும். ஆனால் இக்காவலும் இடத்தைக் காக்கும் காவலே. கண்ணிற் பட்டதையே அது தடுக்கும். கண்ணிற் படாத சூதினை 1889ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் காணாதது போலவே மஹல்லாவும் காணாது.

இதனால் விளையக்கூடிய இழப்பின் தன்மையையும் உணர்தல் வேண்டும். கிழக்குக் கரையில் மகளுக்கு வீடு கொடுத்தல் பெற்றோரின் வாழ்நாட் கடமை. பெரும்போக நெல் விற்ற காசும், மத்திய கிழக்கில் உழைத்து அனுப்பிய பணமும், கடலிற் கிடைத்த வருவாயும் பல ஆண்டுகள் சேர்ந்தே ஒரு வீடாகின்றன. இப்பணம் சிறுகச் சிறுகச் சேர்வது. கையில் மொத்தமாக இருக்குங் காலம் குறுகியது. கசினோ மேசையிற் செல்வன் ஓரிரவில் இழக்கும் தொகை அவன் செல்வத்தில் ஒரு சிறு பங்கு. அதனினும் மிகச் சிறிய தொகை அக்கரைப்பற்றில் ஒரு மகளின் வீட்டுக்கு இடப்பட்ட அத்திவாரமாக இருக்கலாம்.

ஒரே மாதத்தில் இரு வழிகள்

2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் தென்னாசியச் சூதாட்ட வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது. அம்மாதத்தில் இந்தியப் பாராளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதே மாதத்தில் இலங்கைப் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றி, இணையவழிச் சூதாட்டத்தையும் அவ்வதிகாரசபையின் கீழ்க் கொணர்ந்தது. 1889, 1930, 2010 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பதிலாக ஒரே சட்டம் என்பது அதன் நோக்கம். கொழும்பிற் பெரிய ஒருங்கிணைந்த உல்லாச விடுதியொன்றின் கசினோ திறக்கப்பட்டதும் அம்மாதத்திலேயே.

இந்தியாவின் முடிவுக்குத் தமிழ்நாட்டின் பட்டறிவும் முன்னோடியாக அமைந்தது. இணையச் சூதிற் பணமிழந்தோர் தற்கொலை செய்துகொண்ட நிகழ்ச்சிகள் அங்கு மக்கள் மனத்தை உலுக்கின. 2021இல் ஆக்கப்பட்ட தடைச் சட்டத்தை அவ்வாண்டு ஓகஸ்டிற் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. நீதியரசர் சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப்பின் புதிய சட்டமூலம் 2022இற் சட்டசபையில் நிறைவேறியது. ஆளுநர் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றப்பட்டு ஏப்பிரலில் ஒப்புதல் பெற்றது. ஆயினும் அவ்வாண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த விளையாட்டுகள் என்று கொண்டு, அவற்றுக்குத் தடை பொருந்தாதென உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடுதலைத் தடுக்கும் ஒழுங்குவிதிகள் வந்தன. 2025 ஜூனில் நீதிமன்றம் அவற்றை ஏற்றது.

தடையை வேண்டுவோர் கூறுவது வலிமையுடையது: அரசின் முத்திரை பெற்ற சூது இளைஞருக்குக் குற்றவுணர்வையும் அச்சத்தையும் போக்கிவிடும். ஒழுங்குபடுத்தலை வேண்டுவோர் கூறுவதும் எளிதில் மறுக்கத்தக்கதன்று: வெளிநாட்டுக் கணினியில் நடப்பதை உள்நாட்டுச் சட்டம் முற்றாகத் தடுக்கவியலாது, தடுத்தால் மறைவிடத்திற்கே அது செல்லும், அங்கு ஏமாற்றப்பட்டவன் முறையிட இடமில்லை. ஆயினும் ஒழுங்குபடுத்தல் என்னுஞ் சொல் இரு பொருள்களைத் தரும். ஒன்று வருவாயை ஒழுங்காகப் பெறுதல். மற்றையது இழப்பை ஒழுங்காகக் குறைத்தல்.

பிரித்தானியாவின் வரலாறு இவ்வேறுபாட்டை விளக்கும். 1960ஆம் ஆண்டின் சட்டம் பந்தயக் கடைகளை அனுமதித்தது. அதுவும் இடத்தைப் பற்றிய சட்டமே. 2005ஆம் ஆண்டின் சட்டம் சிறுவரையும் எளிதிற் பாதிப்புறுவோரையும் காத்தலை உரிமத்தின் குறிக்கோள்களுள் ஒன்றாக்கியது. 2014ஆம் ஆண்டின் சட்டம் நிறுவனம் எங்குள்ளது என்பதை விடுத்து, ஆடுபவன் எங்குள்ளான் என்பதை அடிப்படையாகக் கொண்டது. 2020 ஏப்பிரலிற் கடனட்டையாற் பந்தயம் கட்டுதல் தடுக்கப்பட்டது. தன்னை ஆட்டத்தினின்று விலக்கிவிடுமாறு ஒருவன் ஒருமுறை பதிவுசெய்தால், உரிமம் பெற்ற இணைய நிறுவனங்கள் யாவும் அவனை ஏற்கலாகாது என்னும் முறையும் கட்டாயமாயிற்று. இவற்றாற் கேடு முற்றாக நீங்கிற்றென்பது பொருளன்று. சட்டத்தின் பார்வை இடத்திலிருந்து மனிதனுக்குத் திரும்பியமையே ஈண்டுக் கருதத்தக்கது.

முடிவுரை

இலங்கையின் 2025ஆம் ஆண்டு ஏற்பாடுகளில் இருவகைப் போக்கும் கலந்துள்ளன. அறவீட்டுச் சட்டத்துக்கு அவ்வாண்டிற் கொண்டுவரப்பட்ட திருத்தம் மொத்த வருவாய்மீதான வீதத்தை 15இலிருந்து 18ஆகவும், கசினோவினுள் நுழையும் இலங்கையர் செலுத்தும் கட்டணத்தை 50 அமெரிக்க டொலரிலிருந்து 100 டொலராகவும் உயர்த்துவதாகும். வாயிலில் உயர்ந்த கட்டணம் வைத்தல் எளியவரைத் தடுக்கும் ஒரு வழிதான். ஆனால் இணையத்திற்கு வாயில் இல்லை. கொழும்பின் கசினோ வாயிலிற் காக்கப்படும் இலங்கையன் அக்கரைப்பற்றிலுள்ள தன் வீட்டினுள் காப்பின்றி நிற்பானாயின் அக்காவலாற் பயன் சிறிதே.

ஆகவே புதிய அதிகாரசபையை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல் திறைசேரிக்கு அது ஈட்டித்தரும் தொகையன்று. ஒருவன் ஒருநாளில் இழக்கக்கூடிய தொகைக்கு எல்லை வகுத்ததா? கடன்பெற்று ஆடுதலைத் தடுத்ததா? சிறுவர் நுழையாவாறு அடையாளத்தை உறுதிசெய்ததா? கிரிக்கெட் ஒளிபரப்பினூடே வரும் விளம்பரங்களைக் கட்டுப்படுத்தியதா? மீள விரும்புவோருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் உதவி கிடைக்கச் செய்ததா? இவையே கேட்கற்பாலன. வருவாய் பெறும் கையும் காக்கும் கையும் ஒரே அமைச்சின் கைகளாயின், தேவை நெருக்கும்போது எந்தக் கை முந்தும் என்பதற்கு 1988ஆம் ஆண்டிலிருந்து வந்த வரலாறு விடை கூறும்.

ஊரின் கடமையும் இதிற் குறைந்ததன்று. கண்ணாற் கண்டு கண்டிக்கும் பழைய முறை இனிப் போதாது. சூதிற் பணமிழந்தவன் வெட்கத்தால் ஒளிந்துகொண்டு இழந்ததை மீட்க மீண்டும் ஆடுவதே இக்கேட்டின் போக்கு. தண்டிக்கப்படுவோம் என்னும் அச்சமின்றி அவன் மனைவியிடமோ மாமனிடமோ பள்ளிவாசற் பெரியோரிடமோ வாய்திறந்து சொல்லக்கூடிய நிலை அமைதல் வேண்டும். வள்ளுவர் சூதினைப் பொருட்பாலில் வைத்ததன் கருத்தும் இதனோடு ஒத்துச் செல்கின்றது: அதன் இழப்பு ஆடியவனோடு நில்லாது குடியைச் சாருமாயின், அதனின்று மீட்கும் பொறுப்பும் குடிக்கும் அரசுக்கும் உரியதாகும்.