யகுப்-ஹர்: முத்திரைகளில் மட்டும் எஞ்சிய மன்னர்

பண்டைய எகிப்தின் மன்னர்கள் தம் பெயரைக் கல்லில் பொறித்து வைப்பதில் பெருவிருப்பம் கொண்டவர்கள். கோயிற்சுவர், தூண், சவப்பேழை என எங்கும் அப்பெயர்களைக் காணலாம். ஆனால், 'மெர்-உசெர்-ரே' என்னும் அரியணைப் பெயர் பூண்ட யகுப்-ஹர் என்ற மன்னருக்குக் கோயிலோ கல்லறையோ சிலையோ கிடைக்கவில்லை. கட்டைவிரல் நுனியளவேயான வண்டு முத்திரைகளே அவர் வாழ்ந்தார் என்பதற்குச் சான்று.

சாணவண்டு உருண்டையை உருட்டிச் செல்வதில் எகிப்தியர் சூரியனின் பயணத்தையும் மறுபிறப்பையும் கண்டனர். அவ்வண்டின் உருவை மாக்கல்லில் செதுக்கி, மெருகிட்டுச் சுட்டு, அடிப்புறத்தில் பெயரைப் பொறித்தனர். நூலில் கோத்து அணிந்தால் அது தாயத்து. களிமண்ணில் பதித்தால் அதிகார முத்திரை.

டென்மார்க்கைச் சேர்ந்த எகிப்தியல் அறிஞர் கிம் ரைஹோல்ட் 1997இல் வெளியிட்ட ஆய்வில், யகுப்-ஹரின் முத்திரைகள் 27 எனக் கணக்கிட்டார். கானான் நிலத்தில் 3, எகிப்தில் 4, நூபியாவில் 1. எஞ்சிய 19 எங்கே கிடைத்தன என்பதற்குப் பதிவே இல்லை. எகிப்தின் அரசர் வரிசையைத் தரும் தூரின் பாப்பிரஸ் சுவடியும் சிதைந்துள்ளது. எஞ்சிய பகுதிகளில் இப்பெயர் இல்லை. எனவே ரைஹோல்ட் இவரை 14ஆம் வமிசத்தில் வைக்க, வேறு பலர் கி.மு. 1650 முதல் 1550 வரை அவாரிஸ் நகரிலிருந்து ஆண்ட ஹிக்ஸோஸ்களுடன் சேர்க்கின்றனர். 'அந்நிய நாடுகளின் ஆட்சியாளர்' என்பதே 'ஹிக்ஸோஸ்' என்பதன் பொருள்.

இம்மன்னரின் பெயரே அவர்மீது தனிக் கவனத்தை ஈர்த்தது. அது நபி யஃகூப் (அலை) அவர்களின் பெயரை நினைவூட்டுகிறது அல்லவா? அமெரிக்க வரலாற்றாசிரியர் பிரெஸ்டெட் 1905இல், இஸ்ரவேலரின் யாக்கோபு குலத் தலைவர் ஒருவர் சிறிது காலம் நைல் பள்ளத்தாக்கில் தலைமை பெற்றிருக்கக்கூடும் எனக் கருதினார். நபி யூஸுஃப் (அலை) வரலாற்றில் வரும் மன்னரைத் திருக்குர்ஆன் 'மலிக்' என்று மட்டுமே குறிப்பிடுகிறது, பெயர் கூறவில்லை. அவ்விடத்தை ஒரு முத்திரையைக் கொண்டு நிரப்பும் ஆவல் நமக்கும் எழுவது இயல்பே.

ஆயினும் சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. 'காத்தல்' என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த இவ்வகைப் பெயர்கள் அக்கால மேற்குச் செமித்திய மக்களிடையே பரவலாக வழங்கியவை. மெசப்பொட்டேமியக் களிமண் பலகைகளிலும் அவை உள்ளன. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் மூன்றாம் துத்மோஸ் கர்னக் கோயிலில் பொறித்த கானானிய ஊர்ப் பட்டியலில் 'யாக்கோபு-எல்' என்ற ஊரே இருக்கிறது. ஹைஃபாவுக்கு அருகிலுள்ள ஷிக்மோனாவில், ஒரு கல்லறையில் இம்மன்னரின் முத்திரை கிடைத்தது. அக்கல்லறை ஹிக்ஸோஸ் ஆட்சிக்கும் முந்தியது என்று கணித்த கெம்பின்ஸ்கி, யகுப்-ஹர் ஒரு கானானியச் சிற்றரசராக இருக்கலாம் என்றார். மேலும், நபி யஃகூப் (அலை) மிஸ்ருக்குள் நுழைந்தது தம் மகனிடம் வந்த தந்தையாக, மன்னராக அல்ல.

பெயரொற்றுமை தரும் மயக்கம் நம் முன்னோர் அறியாததன்று. ஒரே பெயருடைய வெவ்வேறு அறிவிப்பாளர்களைப் பிரித்தறிவதற்கென்றே கதீப் அல்-பக்தாதி (இறப்பு 1071) 'அல்-முத்தஃபிக் வல்-முஃப்தரிக்' என்ற நூலை இயற்றினார். பெயர் ஒன்றாயினும் ஆள் வேறாகலாம். ஆளைத் தெளியாமல் அறிவிப்பை ஏற்பதற்கில்லை என்பது ஹதீஸ் கலையின் பாலபாடம்.

அந்த அளவுகோல் தொல்பொருளுக்கும் பொருந்தும். எந்த மண்ணடுக்கில், எந்தப் பொருள்களோடு கிடைத்தது என்ற பதிவே ஒரு முத்திரையின் இஸ்னாத். ஷிக்மோனாவின் ஒரே முத்திரை ஒரு விவாதத்தையே திருப்பியது. இஸ்னாத் அறுந்த 19 முத்திரைகளோ மன்னரின் பெயரைத் தவிர வேறெதுவும் சொல்ல இயலாமல் நிற்கின்றன. புதைகுழியைத் தோண்டி விற்பவர் திருடுவது கல்லை மட்டுமன்று, அதன் சாட்சியத்தையும்தான். நபிமார்களின் வரலாற்றுக்கு இரவல் சான்று தேவையில்லை. யகுப்-ஹர் என்ற அந்த மன்னருக்கோ, அவரை அவராகவே விட்டுவைப்பதுதான் நாம் செய்யக்கூடிய நீதி.