ஆளில்லாத வீட்டில் ஒட்டிய அழைப்பாணை

இலங்கையில் சிவில் வழக்குகள் இன்றைக்கும் 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படியே நடக்கின்றன. பலமுறை திருத்தப்பட்ட அந்தக் கோவை அழைப்பாணைக்கு ஓர் ஒழுங்கை வைத்திருக்கிறது. முதலில் பதிவுத் தபால். அது சேராவிட்டால் நீதிமன்றப் பிஸ்கால் உத்தியோகத்தரோ கிராம சேவகரோ நேரில் கையளிக்க வேண்டும். ஆளைப் பிடிக்கவே முடியாவிட்டால், அவர் குடியிருக்கும் வீட்டில் கண்ணுக்குப் படும் இடத்தில் ஒட்டிவிடலாம். மூன்று படிக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: விலாசம் இருந்தால் அங்கே ஆளும் இருப்பார். வன்னியில் முதலில் உடைந்தது இந்த நம்பிக்கை. அங்கே அழைப்பாணையைக் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடியவர், யார் எங்கே போனார் என்று தெரிந்த கிராமத்து உத்தியோகத்தர். சட்டத்திலும் அவருக்கு இடம் உண்டு. ஆனால் எந்தக் கிராமத்து உத்தியோகத்தரைக் கேட்பது என்ற இடத்தில்தான் பிழை நடக்கிறது.

வன்னியில் விலாசம் என்பது என்றைக்குமே உறுதியான பொருளாக இருந்ததில்லை. 1902இல் இரணைமடுக் குளத்து வேலை தொடங்கியபின் அதன் கீழே குடியேற்றங்கள் எழுந்தன. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தபின் பெர்மிட் காணிக்காரர் பெருகினர். 1958, 1977 கலவரங்களில் அடிபட்ட மலையகத் தமிழர் பலர் கிளிநொச்சி, வவுனியாக் காடுகளை வெட்டிக் குடியேறினர். அவர்களில் மிகப் பலரிடம் காணி உறுதியும் இல்லை, பெர்மிட்டும் இல்லை. வாய்க்கால் இலக்கமும் கண்டி வீதியின் கட்டைக் கணக்குமே விலாசமாக நின்றன. கிளிநொச்சியில் '155ஆம் கட்டை' என்பது இன்றைக்கும் ஊர்ப்பெயர்தான். இப்படிப்பட்ட இடத்தில் தபாற்காரர் தேடிப்போவது வீட்டை அல்ல, ஆளை. கிராமத் தலைவரான விதானையாரும் அப்படித்தான் தேடினார். 1963இல் விதானைமார் முறை ஒழிந்து கிராம சேவகர் வந்தார். பெயர் மாறியதே தவிர, சனம் அவரை விதானையார் என்று கூப்பிடுவதை விடவில்லை. யாருடைய மகன் எந்த ஊரில் கலியாணம் கட்டிப் போனான் என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது.

போர் வீடுகளைக் காலி செய்தது. பதிவு செய்யும் வேலையை அது நிறுத்தவில்லை, பெருக்கியது. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் பெருமளவில் புத்தளம் போனார்கள். 1996இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் கைக்குப் போனபோதும், அடுத்த ஆண்டு மே மாதம் ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியபோதும் ஊர் ஊராகச் சனம் எழுந்தது. 2009இல் இலட்சக்கணக்கானோர் செட்டிகுளம் முகாம்களுக்குள் அடைக்கப்பட்டனர். கடைசிக் குடும்பங்கள் வெளியே வந்தது 2012 செப்டெம்பரில். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் 1993 முதல் அவர்களுடைய நீதிமன்றங்களே வழக்குக் கேட்டன; அரச நீதிமன்றத்தின் கடதாசி அங்கே நுழைவது அரிது. ஆனால் அரச சம்பளம் பெற்ற கிராம சேவகர்கள் மக்களோடு மக்களாக இடம்பெயர்ந்தார்கள். நிவாரணத்துக்குப் பெயர் எழுதியது அவர்கள்தான். சட்டம் பழைய வீட்டுச் சுவரைத் தேடிய காலத்தில், ஆள் இருந்த இடம் நிவாரணப் பதிவில் இருந்தது.

வீடு மாறியவர்தானே அறிவிக்க வேண்டும் என்று கேட்கலாம். சாதாரண காலத்துக்கு அது நியாயமான கேள்வி. நடக்கும் வழக்கில் சட்டத்தரணி வழியாகப் புதிய விலாசத்தைக் கொடுக்காமல் இருப்பவர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போடுகிறார். ஆனால் தன்மேல் வழக்குப் போடப்பட்டதே தெரியாதவர் எந்த நீதிமன்றத்துக்கு எழுதுவார்? அரசே ஒருவருக்கு இரண்டு ஊர் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. போரில் இடம்பெயர்ந்தவர் முன்பிருந்த ஊரிலேயே வாக்காளராகப் பதிய 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுத்தது. அப்படியானால் புத்தளத்தில் இருந்துகொண்டு முல்லைத்தீவில் வாக்குரிமை வைத்திருப்பவருக்கு வாக்காளர் இடாப்பைப் பார்த்து அழைப்பாணை அனுப்புவது, அவர் இல்லாத இடத்துக்கு அனுப்புவதே.

பிரதிவாதி வராமலே கொடுக்கப்படும் ஒருதலைப்பட்சத் தீர்ப்பின் பிரதி கையில் கிடைத்து 14 நாளுக்குள், வராததற்குத் தக்க காரணம் காட்டினால் தீர்ப்பைத் தள்ளிவைக்கலாமே என்பது இன்னொரு பதில். உண்மை; நீதிமன்றங்கள் அப்படித் தள்ளியும் வைக்கின்றன. ஆனால் அந்தப் பிரதியும் அதே விலாசத்துக்குத்தான் போகிறது. முதற் கடதாசி தவறிய வழியிலேயே இரண்டாவதும் தவறும். 'எனக்குக் கிடைக்கவில்லை' என்று நிரூபிக்கும் பாரமும் செலவும் ஏழைப் பிரதிவாதியின் தலையிலே விழுகின்றன.

இவற்றைவிடக் கனமான மறுப்பு வழக்காளியிடமிருந்து வருவது. அவரும் இடம்பெயர்ந்தவராக இருக்கலாம்; எதிராளி எங்கேயோ போய்விட்டார் என்பதற்காக வழக்கு வருடக்கணக்கில் கிடக்க முடியாது. இதை நான் ஏற்கிறேன், ஒட்டும் முறையை எடுத்துவிடச் சொல்லவும் இல்லை. ஒட்ட அனுமதிக்கும் முன் பழைய பிரிவின் கிராம சேவகரிடம் ஓர் அறிக்கை கேட்டால் போதும். புதிய இடத்தில் பதிவதற்குப் பழைய கிராம சேவகரிடம் கடிதம் வாங்கிப் போவது வழமை. கூப்பனுக்கும் பள்ளிக்கூட அனுமதிக்கும் உதவும் அந்தக் கடிதம், ஆள் எங்கே போனார் என்பதையும் சொல்லும். வெளிநாடு போனவர்களை இது எட்டாதுதான். அவர்கள் விடயத்தில் ஊரில் நிற்கும் உறவினரைத் தேடுவதைத் தவிர நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

காணி வழக்கில் இதன் விலை மிக அதிகம். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்குபிரிப்புச் சட்டப்படி காணியிலேயே பறையடித்து அறிவிப்பு வாசிக்க வேண்டும். அயலட்டையில் சனம் இருந்தால் அருமையான முறை. எவராவது சொந்தக்காரருக்குச் சொல்லி அனுப்புவார். முழு ஊரும் முகாமில் இருந்தால் பறையைக் கேட்பது பற்றையும் மாடும். 2016இல் வந்த 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை நீதிமன்றம் போக முடியாதவர்களுக்கு, பிறரின் பத்தாண்டு ஆட்சியால் காணியை இழக்காதிருக்க வழி செய்தது. அது வழக்குப் போட வருபவருக்கான சலுகை. வழக்குப் போடப்பட்டதை அறியாமல் இருப்பவரைப் பற்றி அதில் பேச்சில்லை.

போருக்குப் பிந்திய வன்னியில் அதிகம் தேடப்படுகிறவர் கடன்காரர். லீசிங்கில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் எடுத்தபோது குடும்பம் தகரக் கொட்டிலில் இருந்திருக்கும். கல்வீடு கிடைத்ததும் வேறு காணிக்கு மாறியிருக்கும். ஒப்பந்தத்தில் நிற்பதோ கொட்டிலின் விலாசம். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வங்கியோ நிதிக் கம்பனியோ வழக்குப் போட்டால் நிலைமை இன்னும் இறுக்கம். அங்கே முதலில் வருவது அழைப்பாணை அல்ல, குறித்த நாளில் வந்து காரணம் காட்டாவிட்டால் அப்படியே நிலைபெறும் தீர்ப்பாணை.